சாமி தலையில எதுக்குங்க குண்டா?

எங்கள் வீட்டு இட்லிக் குண்டா வீணாய்ப்போனதற்குக் காரணம் 1953இல் லாஸ் ஏஞ்சல்ஸில் எடுக்கப்பட்ட ஒரு படம். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "எவனோ எங்கியோ படம் எடுத்ததுக்கு எங்குண்டா என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றாள். நியாயமான கேள்விதான்.

படத்தின் பெயர் 'ரோபாட் மான்ஸ்டர்'. எடுத்தவர் பில் டக்கர். நாலே நாள் படப்பிடிப்பு, சுமார் 16,000 டாலர் செலவு. பூமியை அழிக்க வரும் வேற்றுக்கிரகத்து ரோபாட் ஒன்று கதைக்கு வேண்டும்; ரோபாட் உடுப்பு செய்யக் கையில் காசில்லை. ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடுப்பு இருந்தது. எந்தப் படத்தில் கொரில்லா வேண்டுமென்றாலும் உடுப்போடு போய் நின்றுவிடுவார். டக்கர் அவரைக் கூப்பிட்டார். உடம்புக்குக் கொரில்லா, தலைக்குக் கடலில் முக்குளிப்பவர்கள் மாட்டும் கவசம், அதன்மேல் ஆன்டெனா. ரோபாட் தயார். குகை வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ரேடியோ மாதிரி ஒரு பெட்டி, பக்கத்தில் சோப்புக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மிஷின். அந்த மிஷின் எதற்கு என்று படம் முடியும்வரை யாரும் சொல்வதில்லை. ஆனால் டைட்டிலில் அதற்குத் தனியாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். இது 3டி படம் வேறு. இசை எல்மர் பெர்ன்ஸ்டீன். மூன்று வருஷம் கழித்து 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்துக்கு இசையமைத்த அதே ஆள்தான். இடதுசாரிகளோடு சகவாசம் என்று பெரிய கம்பெனிகள் அவரை ஒதுக்கி வைத்திருந்த நேரம் அது. கொரில்லாவுக்கு வாசிக்க வந்துவிட்டார். கேட்டுப் பாருங்கள், கடமைக்கு வாசித்த மாதிரியே இருக்காது.

எனக்கு இந்த மாதிரிப் படங்கள் பிடிக்கும். இந்த ஒரு வரியை வெளியில் சொல்ல எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

நான் சேலத்தில் வளர்ந்தவன். என் முதல் பேய் விட்டலாச்சார்யாவின் பேய். 'ஜகன்மோகினி' வந்தது 1978இல். நான் பார்த்தது நாலைந்து வருஷம் கழித்து, திரும்பப் போட்டபோது, அம்மா மடியில் உட்கார்ந்து. வீட்டுக்குள் வந்துவிட்ட பேய், விறகு வைக்கிற இடத்தில் தன் காலை நீட்டுகிறது. கால் கொழுந்துவிட்டு எரிகிறது, மேலே சமையல் நடக்கிறது. கொட்டகையே அலறியது. நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி பக்கத்து சீட்டு அக்காவிடம் அம்மா சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது: "வெறகுச் செலவு மிச்சங்க்கா."

விட்டலாச்சார்யாவைப் பற்றித் திரையுலகில் ஒரு கதை உண்டு. கால்ஷீட்டில் தகராறு பண்ணும் நடிகரைச் சாபம் கொடுத்துக் கிளியாக்கிவிட்டு, மீதிப் படத்தைக் கிளியை வைத்தே முடித்துவிடுவாராம். நிஜமோ பொய்யோ, ஒரு தயாரிப்பாளர் இதைவிட என்ன வரம் கேட்டுவிட முடியும்?

கல்லூரிக்குப் போனதும் எனக்கு ரசனை வந்துவிட்டது. அதாவது, வந்த மாதிரிக் காட்டிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. திரைப்படச் சங்கத்தில் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' போட்டார்கள். முதல் அரைமணி நேரத்திலேயே தூங்கிப்போனேன். விளக்குப் போட்டதும் எழுந்து நின்று, "காலம் உறைந்துபோன அனுபவம்" என்று பேசினேன். கைதட்டினார்கள். அதே வாரம் விடுதியில் வாடகை டெக் எடுத்து 'நாளைய மனிதன்' போட்டோம். செத்தவனை ஊசி மருந்தில் எழுப்பி, அவன் ஊரையே ஒரு வழி பண்ணுகிற படம். கண் கொட்டாமல் பார்த்தேன். மறுநாள் சங்கத்துத் தோழர் ஒருவர் முகத்தைச் சுளித்தபோது, "சும்மா கேலி பண்ணத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன். நல்ல சாக்கு. சட்டை மாதிரி எல்லாப் படத்துக்கும் போட்டுக்கொண்டேன். வாத்து முகத்தோடு அரக்கன் வருகிறானா, கேலி பண்ணத்தான் பார்க்கிறேன். ராட்சத நண்டு பேசுகிறதா, கேலி பண்ணத்தான். தனியாக, ராத்திரி ஒரு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு கேலி பண்ணுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்படிப் பார்த்த சில இரவுகளில் பாத்ரூம் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் படுத்திருக்கிறேன். இதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்தக் கேலியைப் பொதுமக்களுக்கும் வழங்கலாமே என்று மூன்று வருஷம் முன்பு ஒரு விபரீத எண்ணம் வந்தது. மொட்டைமாடியில் வேட்டியைக் கட்டி, நண்பனின் புரொஜெக்டரை வாங்கி வந்து, குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்: உலகத்திலேயே மோசமான படம், சனிக்கிழமை ஏழு மணிக்கு, சுண்டல் உண்டு. பத்துப் பேர் வந்தார்கள், ஆறு பேர் சுண்டலுக்கு. எட் வுட் இயக்கிய 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'தான் படம். அதில் உள்ள பிழைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் 43. ஒவ்வொன்றையும் சரியான இடத்தில் சொல்லிச் சிரிக்கவைப்பதாகத் திட்டம்.

படத்தின் ஆரம்பத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு கிழவர் வீட்டைவிட்டு வெளியே வருகிறார். வாசலில் ஒரு பூவைப் பறித்து முகர்கிறார். நடந்து சட்டகத்தைவிட்டு வெளியே போகிறார். வண்டி மோதுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தக் கிழவர்தான் பழைய டிராகுலா பேலா லுகோசி. படம் ஆரம்பிப்பதற்கு முன்பே, 1956 ஆகஸ்டில், இறந்துவிட்டார். வேறு எதற்காகவோ எடுத்து வைத்திருந்த சில நிமிடத் துண்டுகளை எட் வுட் இதில் சேர்த்துவிட்டார். மீதிக் காட்சிகளுக்கு, தன் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்துவந்த ஒருவரைக் கூப்பிட்டு, கறுப்புப் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். வைத்தியர் லுகோசியைவிட நல்ல உயரம். என் நோட்டில் இது முதல் பிழை.

"இப்பப் பாருங்க, இது வேற ஆளு!" என்று கத்தினேன்.

இரண்டாம் மாடி அக்கா திரும்பி, "ஏன், அந்தப் பெரியவருக்கு என்னாச்சுங்க?" என்றார்.

"செத்துட்டாருங்க."

"அடக் கடவுளே, படம் எடுக்கறப்பவா?"

"எடுக்கறதுக்கு முன்னாடியே."

"செத்தும் அவரு நடிச்சத வீணாக்காம வெச்சிருக்காங்களே. நல்ல மனுசன்."

நோட்டை மூடி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. போலீஸ் வண்டி பகலில் கிளம்பி இரவில் வந்து சேர்கிறதே என்று இரண்டாவது பிழையை எடுத்துவிட்டேன். அதற்கு மேல்மாடி ஆப்பரேட்டர் ஐயா தொண்டையைக் கனைத்தார். சேலத்துக் கொட்டகைகளின் ஆப்பரேட்டர் அறையில் கார்பன் புகைக்கு நடுவில் வாழ்நாளைக் கழித்தவர். "அது பகல்ல எடுத்து ராத்திரின்னு காட்டறதுங்க தம்பி. பிரிண்ட் போடறப்ப இருட்டாக்கோணும். லேப்ல அத விட்டிருப்பாங்க. காசு குடுத்திருக்க மாட்டாங்க, அவன் எதுக்குப் பண்றான்?" அதன்பிறகு கல்லறைக் கல் ஆடியது. விமானி அறையின் வாசலில் குளியலறைத் திரை தொங்கியது. பறக்கும் தட்டுகள் நூலில் ஆடிக்கொண்டே ஹாலிவுட் மேல் வந்தன. யாரும் சிரிக்கவில்லை. பேய்ப் படம் என்றால் கல்லறை ஆடத்தானே செய்யும்? படம் முடிந்ததும் ஆப்பரேட்டர் ஐயா கடைசிச் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"மோசமான படம்னீங்களே, அத எப்ப போடப் போறீங்க?"

அன்று ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். 43 பிழைகளைக் கண்டுபிடிக்க நான் அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பிடிக்காத படத்தை ஏழு தடவை பார்க்கிறவன் யார்?

எட் வுட் இந்தப் படத்துக்காகப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பணம் போட்டவர்கள் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள். படத்துக்கு முதலில் வைத்த பெயரில் கல்லறைக் கொள்ளையர்கள் வந்தார்கள். சபைக்கு அது ஆகவில்லை, பெயரை மாற்றவேண்டியதாயிற்று. அவரும் நடிகர்கள் சிலரும் ஞானஸ்நானமே எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் பைனான்சியர் காலில் விழுவதோடு சரி. 1978 டிசம்பரில், குடியிருந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்ட சில நாட்களில் எட் வுட் இறந்துபோனார். வயது 54. உலகத்தின் மிக மோசமான படம் என்ற பட்டத்தை ஒரு புத்தகத்தில் 'பிளான் 9'க்குக் கொடுத்தது 1980இல். அந்தப் பட்டம்தான் அவரைப் பிரபலமாக்கியது. 1994இல் டிம் பர்ட்டன் அவரைப் பற்றியே படம் எடுத்தார், அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவ் ஆஸ்கர் வாங்கினார். ஆளிருந்தபோது வாடகைக்கு வழியில்லை. அந்தப் பட்டத்தைத்தான் நான் சுண்டலோடு சேர்த்து விநியோகித்திருக்கிறேன்.

மறுநாள் மாடிப்படியில் ஆப்பரேட்டர் ஐயா நிறுத்தினார். "அமெரிக்காக்காரன் வானத்துல தட்டு உட்டான்னு காட்டுனீங்க. நம்மூரு டி.ஆர்.எஸ். யானைக்கு ரோமம் ஒட்டி உட்டாரே, தெரியுமுங்களா?"

தெரியாது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தைத் தெரியும். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அங்கே எடுத்தது என்று வகுப்பில் பேசிப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஆனால் 1952இல் அதே மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' எடுத்ததும், தமிழில் அது 'காடு' என்று வந்ததும் எனக்குத் தெரியாது. லிப்பர்ட் என்றால் சாதாரணக் கம்பெனி அல்ல. குறைந்த காசில் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள். சீசர் ரொமேரோ, ராட் கேமரன், மேரி வின்ஸர் எல்லோரும் கடல் கடந்து வந்தார்கள். யானைகள் மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன. அவற்றை மிரட்டுவது எது என்று தேடிப்போனால், எப்போதோ அழிந்துபோன மாமூத். அந்த மாமூத்துக்கு எங்கே போவது? நம் ஊர் யானைமேலேயே ரோமத்தைப் போர்த்திவிட்டார்கள்.

யானைக்கு யானை வேஷம்! டக்கரின் கொரில்லாவுக்கு ஒரு வருஷம் முந்தியது. என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்துக் கம்பெனி. நான் லாஸ் ஏஞ்சல்ஸில் தேடிக்கொண்டிருந்தேன். 'காடு' வந்து பதினோரு வருஷம் கழித்து 'கலை அரசி'யில் பானுமதியைப் பாட்டுக்காகப் பறக்கும் தட்டில் கடத்திப்போக, எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகத்துக்கே போய் மீட்டு வந்த விஷயமாவது எனக்குத் தெரிந்திருந்தது என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

அதற்குமேல் கை சும்மா இருக்கவில்லை. ஐந்து நிமிடப் படம், செல்போனிலேயே எடுப்பது என்று முடிவாயிற்று. 'சேர்வராயன் மலையில் செவ்வாய்க்காரன்' என்று பெயரும் வைத்தாயிற்று. சேலம் குகை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும். ஆட்கள் சாமி வேஷம் போட்டு வண்டிகளில் வருவார்கள். ஆடி முடிந்துவிட்டதால் உடுப்பெல்லாம் சும்மா கிடக்கும் என்று வேஷ வாடகைக் கடைக்குப் போனேன்.

"குரங்கு இருக்குங்களா?"

"அனுமார் இருக்கு."

"சாதாரணக் குரங்கு?"

"சாதாரணக் குரங்கு வேஷம் யாருங்க கேக்கறாங்க? எந்தக் கோயில் விசேசம்?"

எங்கள் குலதெய்வக் கோயில் என்று பொய் சொன்னேன். ஒரு நாள் வாடகை 600 ரூபாய். உடுப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "கதை வேண்டாங்களா?" என்றார். "கதை எங்கிட்ட இருக்குங்க" என்றேன். வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் அவர் கேட்டது கதாயுதத்தை என்று புரிந்தது.

வேஷம் கட்ட ஒப்புக்கொண்டது சித்தி பையன். ஆள் குட்டை. பூமியை அழிக்க வருகிறவன் கொஞ்சமாவது உயரமாக இருக்க வேண்டாமா என்று கவலைப்பட்டபோது, ராஜர் கார்மன் ஞாபகம் வந்து தைரியம் கொடுத்தார். 1956இல் 'இட் கான்கர்ட் தி வேர்ல்ட்' எடுத்தபோது, அவர் வெள்ளிக்கிரகத்து ஜந்துவைக் குட்டையாகச் செய்யச் சொன்னார். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்த மனுஷன். ஈர்ப்பு விசை அதிகமான கிரகத்தில் வளர்ந்தது தரையோடு தரையாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. கதாநாயகி பெவர்லி கார்லண்ட் வந்தார், தன்னைவிடக் குட்டையாக நின்ற ஜந்துவைப் பார்த்தார், சிரித்தார். கார்மன் வாயைத் திறக்காமல் போய் அதை உயர்த்திக் கட்டச் சொன்னார். (வெள்ளியின் ஈர்ப்பு விசை நம் பூமியைவிடக் கொஞ்சம் குறைவுதான். அந்தக் கணக்கிலும் அவர் பாஸாகவில்லை.) நான் உயரத்துக்கு நம்பியது இட்லிக் குண்டாவை. கவிழ்த்தால் அரையடி கூடியது. இரண்டு விளக்குமாற்றுக் குச்சியில் வெள்ளித்தாள் சுற்றி ஒட்டினால் இன்னொரு அரையடி. ஆனால் குண்டா மூக்குவரை இறங்கிவிட்டது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் இரண்டு பாதங்கள்.

டக்கரின் குகை ஹாலிவுட் பக்கத்தில் பிரான்சன் கேன்யனில் இருக்கிறது. அதுவும் பழைய கல் குவாரிதான். பிற்பாடு டிவி பேட்மேனின் கார் வெளியே பாய்ந்து வந்ததும் அந்தக் குகையிலிருந்துதான். ஆகவே நானும் ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு குவாரிக்குப் போனேன், செவ்வாய்க்காரனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு.

"அண்ணா, உள்ள புளிச்ச மாவு நாத்தம் அடிக்குதுண்ணா."

"செவ்வாய்க்காரன் பேசக் கூடாது."

முதல் காட்சியில் ஒரு பிணம். ஆபீஸ் நண்பர் பாறையில் படுத்துக்கொண்டார். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் ஜார்ஜ் ரொமேரோ ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் ஊற்றியதைப் படித்திருந்தேன். ஒரு பாட்டில் வாங்கிப்போய் தாராளமாக ஊற்றினேன். அது கறுப்பு-வெள்ளைப் படம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. போனில் பார்த்தால் நண்பர் கொலையுண்டவர் மாதிரி இல்லை, கேக் மாதிரி இருந்தார். ரத்தமாக இருந்தால் எறும்பு யோசித்திருக்கும். இரண்டே நிமிடத்தில் கட்டெறும்புச் சாரி வந்துவிட்டது. பிணம் முதலில் ஒரு கையை உதறியது, பிறகு காலை, பிறகு ஒரு ஊளையோடு எழுந்து என்னை நோக்கிக் கோணல்மாணலாக ஓடிவந்தது. "பிரமாதம், அப்படியே வாங்க!" என்று கத்தினேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

அந்தச் சத்தத்துக்குத்தான் வாட்ச்மேன் வந்தார். கையில் தடி. திட்டப்போகிறார் என்று நான் ஒடுங்கி நின்றபோது, உள்ளே மடித்துக் கட்டியிருந்த அனுமார் வால் கயிறு அவிழ்ந்து பின்னால் சடாரென்று தொங்கியது. வாட்ச்மேன் நின்றார். தடியைக் கீழே போட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குண்டாவுக்கு அடியில் தம்பிக்குத் தெரிந்தது இரண்டு வெறுங்காலும் ஒரு தலையின் நிழலும்தான். பூமியை அழிக்க வந்தவன் என்ன நினைத்தானோ, மெதுவாக வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தான். பின்னால் மலை, மேலே சாயங்கால வெயில், வெள்ளித்தாள் மினுமினுக்கிறது. எந்தக் கம்பெனியும் காசு கொடுத்து எடுக்க முடியாத காட்சி அது.

வாட்ச்மேன் என் பக்கம் நகர்ந்துவந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சாமி தலையில எதுக்குங்க குண்டா?"

"வேண்டுதலுங்க" என்றேன்.

"அப்பிடிங்களா" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. டீ வாங்கித் தரட்டுமா என்று மட்டும் கேட்டார்.

அவர் போனதும் ஆசையாகப் போனைப் பார்த்தேன். பிணம் எழுந்து ஓடிவந்ததோடு பதிவு நின்றிருந்தது. இடமில்லையாம். சொந்தக்காரர்கள் தினமும் அனுப்பும் காலை வணக்கப் பூக்கள் போனை நிரப்பிவிட்டிருந்தன. மொத்தம் மிஞ்சியது 47 நொடிகள். அதில் பாதியில் என் கட்டைவிரல். எட் வுட் 79 நிமிடப் படத்தை ஆரம்பித்து, நடத்தி, முடித்து, கொட்டகைக்கும் கொண்டுபோனார். என்னுடையதில் கேலி பண்ணக்கூட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து குண்டாவைச் சத்தமில்லாமல் அடுப்படியில் வைத்தேன். அம்மா உள்ளே விரலைவிட்டு ஒரு தலைமுடியை எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "தலைய உட்ட பாத்திரத்துல நான் இட்லி ஊத்தோணுமா?" அன்றே புதிதாக எவர்சில்வர் குண்டா வாங்கவேண்டியதாயிற்று. 1,850 ரூபாய். படத்தின் பட்ஜெட்டில் பெரிய செலவு அதுதான். பழையது இப்போது மொட்டைமாடியில், காக்காய்க்குத் தண்ணீர் வைக்க.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் 'ரோபாட் மான்ஸ்டர்' போட்டேன். கேலி பண்ண அல்ல. அம்மா கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ரோபாட் மலைச்சரிவில் இறங்கி வந்தது. அம்மா கையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவனுக்கும் கண்ணு தெரியல பாரு. கால எப்பிடித் தடவித் தடவி வெக்கறான். உள்ள வேகுமே, பாவம்."

எழுபது வருஷமாக அந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதியிருக்கிறார்கள். கொரில்லாவுக்குள் இருந்த ஆளுக்கு உள்ளே வேகும் என்று எழுதியதாக நான் படித்ததில்லை.

குகை வாசல் வந்தது. மேசை, பெட்டி, குமிழிகள்.

"அது என்னடா சோப்புத் தண்ணி?"

"அது எதுக்குன்னு யாருக்குமே தெரியாதும்மா."

"எதுக்கா?" அம்மா அடுத்த பூண்டை எடுத்தாள். "போட்டுக்கிட்ட குண்டாவக் கழுவி வெக்கத்தான். அவனுக்காச்சும் அந்த ரோசன இருந்திருக்கு."